பதினோராம் நம்பர் கேட்டின் கருத்துக்கேட்பு

ரயில் பாதை நெடுகப் பனை உயரச் சுவர். நடுவில் பூட்டிய பதினோராம் நம்பர் கேட். அதைத் திறப்பதா, சுவராக அடைப்பதா என்று ஊரார் எல்லோரிடமும் கேட்டு முடிக்கும்வரை, கம்பத்தில் ஓர் இயந்திரம் பேசும். இந்தப் பக்கம் பதில் சொல்லாமல் மிஞ்சியவள் சொர்ணத்தாய் ஒருத்திதான்.

"அம்மா, திறக்கலாமா, அடைச்சிரலாமா?"

"ஏய்யா, இன்னிக்கு முட்டு வலி. வலியோட சொன்னா தப்பாயிரும்."

நேற்று ஆடு குட்டி போட்டிருந்தது, முந்தாநாள் அமாவாசை. ஆறு வருஷத்துச் சாக்குப்போக்குகளை அடுக்கினால் நீளத்தில் தண்டவாளம் தோற்றுப்போய்க் கடலுக்குள் ஒதுங்கும்.

"சரிம்மா. குட்டி பால் குடிக்குதா?"

"முட்டி முட்டிக் குடிக்கி."

"அந்தப் பக்கமும் ஒருத்தர்தாம்மா பாக்கி இருக்காரு, அந்தோணிமுத்துன்னு. அவரும் ஆறு வருஷமா பதிலே சொல்லல. இன்னிக்குப் பல்வலியாம்."

சொர்ணத்தாய் வீட்டுக்கு ஓடி, கிராம்பு டப்பாவோடு வந்தாள்.

"திறய்யா. குடுத்துட்டு வந்திருதேன்."

"திறக்கணும்னு பதிஞ்சிரட்டுமா? பதிஞ்சா இந்தப் பக்கத்துல என் வேலை முடிஞ்சுது. என்னைக் கழட்டிட்டுப் போயிருவாங்க."

அவள் பூட்டைப் பார்த்தாள். கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். டப்பாவை மெல்ல மடியில் செருகினாள்.

"கிராம்பு இருந்தா கடிச்சுக்கிடச் சொல்லு. கேட்டப் பத்தி நாளைக்குச் சொல்லுதேன்."