கடலைத் திறந்தவள்

விஞ்ஞானியின் காரைக் கண்டதும் கடலாய்வு மைய வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தார். அவள் சங்கடத்தோடு கண்ணாடியை இறக்கினாள்.

"நான் மூடச் சொன்ன கடல்ல மீன் பெருகிடுச்சு. நாளையிலேருந்து மீன்பிடித் தடையை எடுக்கறாங்க."

"சந்தோஷம் மேடம். கடலும் பிழைச்சுது, உங்க பேரும் நிலைச்சுது."

"தடை வந்ததும் படகை வித்துட்டு இந்த வேலைக்கு வந்தீங்களே, இனி கடலுக்கே திரும்பிடலாமே?"

"எங்க மேடம்? வலை பிடிச்ச பழக்கமே விட்டுப்போச்சு."

அவள் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இங்கதான் யாரும் இல்லையே. இப்பவாவது மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாப்பா?"

"அதெல்லாம் வீட்டுல." சிரித்துக்கொண்டே கம்பிக்கதவைத் தள்ளினார். "நீ கடலையே திறந்துட்டே. என் கைக்கு இப்ப இந்தக் கேட்டைத் திறக்க மட்டும்தான்மா தெரியுது."