விவரம் போதாது

டிரைவரின் கட்டுரை நான்காவது முறையாகத் திரும்பி வந்தது. அவர் எழுதியிருந்தது பதினொரு வரி. அதன் மேல் டீச்சர் ஒரு சிவப்புப் பேனாவையே காலி செய்திருந்தார். காகிதம் அம்மை கண்டது போலக் கிடந்தது.

நூலக மாடியில் சனிக்கிழமை மத்தியானம் நடக்கும் எழுத்து வகுப்பு அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வாழ்க்கையில் நடந்ததை எழுதிப் பழகலாம். தலைப்பு எல்லாருக்கும் ஒன்றுதான்: 'ஒரு நாள்'. ஆனால் டீச்சரிடம் மாட்டிக்கொண்டால் அந்த ஒரு நாளை எழுதி முடிக்க ஒரு வருடம் பிடிக்கும்.

தையற்காரம்மா தன் தங்கை கல்யாணத்தில் ரவிக்கை கிழிந்த கதையை எழுத உட்கார்ந்தார். எந்தப் பக்கம் கிழிந்தது, எத்தனை ஊக்கு குத்தினீர்கள், ஊக்கு யாருடையது என்று டீச்சர் கேட்டுக் கேட்டு அது இருபத்திரண்டு பக்கத்தில் போய் நின்றது. கல்யாணமே அவ்வளவு நேரம் நடக்கவில்லை என்று அந்தம்மா சத்தியம் செய்வார். அதற்கும் கீழே சிவப்பு மையில் அதே தீர்ப்புதான்: 'விவரம் போதாது.'

டிரைவருடைய ஒரு நாள் வேறு மாதிரி. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் அவர். அதில் ஒரு காலை, எட்டேகால் மணிக்கு, மருந்துக் கிடங்கு வளைவில் ஒரு மனிதர் அவருடைய பஸ்ஸில் அடிபட்டு இறந்துபோனார்.

விசாரணையில் டிரைவர் சொன்னது ஒரே வரி: 'திடீரென்று குறுக்கே பாய்ந்தார்.' பாய்ந்தவர் சாகத்தான் பாய்ந்திருப்பார் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். டிரைவர் மறுவாரமே அதே தடத்தில் வண்டி எடுத்தார்.

அந்த வரியில் ஒரு வார்த்தை பொய். அதற்காக அவர் அழுததில்லை, தூக்கம் கெட்டதுகூட இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய வாய் மாதிரி, பதினான்கு வருடமாக உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான். மென்றதும் தெரியாது, கடித்ததும் தெரியாது.

போய்ச் சேர்வதற்குள் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்துவிடலாம் என்றுதான் வகுப்பில் சேர்ந்தார். ஆனால் பேனாவைத் தொட்டால் பழைய வாக்குமூலம்தான் வந்து விழுந்தது. நான்கு தடவையும் ஒரு ரோடு, ஒரு பஸ், ஒரு 'திடீரென்று', முகமில்லாத ஒரு மனிதர். வேறொன்றும் இல்லை.

டீச்சர் விடுகிற ஆளா? ஓரமெல்லாம் கேள்விகள். சட்டை என்ன நிறம்? மூட்டமா, வெயிலா? மூக்குக்கண்ணாடி முகத்தில் இருந்ததா, சட்டைப் பையில் இருந்ததா? நடந்தாரா, ஓடினாரா? கையில் என்ன? உங்களைப் பார்த்தாரா?

"போலீஸ்காரங்ககூட இவ்வளவு கேக்கல டீச்சர்," என்றார் டிரைவர்.

"கேட்டிருக்கணும்," என்றார் டீச்சர்.

நான்கு மணிக்கு மற்றவர்கள் கிளம்பினார்கள். தையற்காரம்மா போகிற போக்கில், ஊக்கை விடக் கஷ்டமான கேள்வி உலகத்திலேயே கிடையாது, தைரியமாக இருங்கள் என்று டிரைவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கினார். டீச்சர் நாற்காலியை இழுத்து டிரைவருக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"நீங்க எழுத வேணாம். சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

டிரைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நீலக் கட்டம் போட்ட சட்டை. வெயில். கண்ணாடி முகத்தில்தான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் டீச்சர் 'அப்புறம்?' என்றார். இருபதாவது அப்புறத்தில் அந்த வார்த்தை கழன்று விழுந்தது.

"அவரு பாயல டீச்சர். ரோட்டைத் தாண்டிட்டாரு. தாண்டிட்டாரேன்னு நான் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒத்தைச் செருப்பு நடு ரோட்டுல கழண்டு கிடந்திருக்கு. அதை எடுக்கத் திரும்பி வந்திருக்காரு."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"சிரிச்சாரு. அசட்டுச் சிரிப்பு. செருப்பைத் தூக்கிக் காட்டினாரு, ஒரு நிமிஷம் இருப்பாங்கற மாதிரி. நான் பிரேக்கை மிதிச்சேன். பத்தல."

டீச்சர் அதையும் எழுதினார். எழுத்து ஒரே சீராக, அச்சடித்தது போல வந்தது.

"சாகணும்னு வந்த முகம் இல்லையே?"

"சேச்சே. ஆபீசுக்கு லேட்டான முகம்."

சொல்லி முடித்தால் நெஞ்சு உடைந்து கண்ணீர் கொட்டும் என்று டிரைவர் நினைத்திருந்தார். ஒன்றும் கொட்டவில்லை. மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றியது. கீழே யாரோ புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் பேனாவை மூடினார். வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, அடியில் அவர் தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. காகிதத்தை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், அது என்னோட கட்டுரை."

டீச்சர் எழுந்து மின்விசிறியை அணைத்தார். அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தச் செருப்பு பெருசா இருக்குன்னு கடையிலயே சொன்னேன் அவர்கிட்ட."