பாம்புக்கேற்ற எலி

"உங்கட பாம்பு எவ்வளவு தடிப்பு, அன்ரி?" என்று கேட்டாள் செலீன்.

யோகராணி தன் மணிக்கட்டைக் காட்டினாள். "இவ்வளவு இருக்கும். முந்தி இன்னும் தடிப்பு."

புலம்பெயர்ந்து வந்த ஊரான அஜின்கோர்ட்டில் செல்லப்பிராணிகள் விற்கும் அந்தக் கடையில் தமிழ் பேசுகிறவள் செலீன் ஒருத்திதான். அதற்காகவே தொண்ணூற்று நான்காம் ஆண்டின் உயிரை வாங்கும் குளிரில், இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள் யோகராணி.

"அப்ப ரூல் சிம்பிள். எலி, பாம்பின்ர வயித்தைவிடத் தடிப்பாய் இருக்கக்கூடாது. ஃபிரீசர்ல இருக்கிற செத்த எலிதான் பெஸ்ட். சுடுதண்ணியில வச்சு இளகினாப் பிறகு இடுக்கியால பிடிச்சுக் குடுங்கோ. கையில எலி மணம் இருந்தால், கையையே சாப்பாடெண்டு நினைச்சுப் பாயும்."

"மணத்துக்கே பாயுமோ?"

"ஓம். பசியோட இருந்தால் கேட்கவே வேண்டாம்."

பசி என்றால் சாதாரணப் பசியில்லை. அந்தப் பாம்பு இரண்டு மாதமாகப் பட்டினி. பட்டினி போட்டவள் யோகராணி.

கணவன் ஜெயரட்ணத்தோடு வேலை செய்த ஒருவன் வேறு ஊருக்குக் குடிபோனபோது தள்ளிவிட்டுப் போன மலைப்பாம்பு அது. ஜெயரட்ணம் அதற்கு ராசன் என்று பெயர் வைத்தான். பிறம்ரனில் இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வந்ததும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ராசன் சாப்பிட்டவரோ? ராசனுக்குக் குளிருதோ?" என்று கொஞ்சுவான். கல்யாணமாகி எட்டு வருடத்தில் யோகராணி சாப்பிட்டாளா, அவளுக்குக் குளிருகிறதா என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. பகலெல்லாம் பாம்பின் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்துச் சோபாவிலேயே தூங்கினான். கட்டில் பக்கம் அவன் வந்தே மாதக்கணக்காகிவிட்டது.

சனிக்கிழமைகளில் பாம்புக்கு எலி கொடுக்கும் பொறுப்பை மட்டும் மனைவியிடம் விட்டிருந்தான். அவள் எலியைக் குப்பையில் போட்டுவிட்டு, "ராசன் வடிவாய்ச் சாப்பிட்டவர்" என்று சொல்லிவந்தாள். பாம்பு மெலிந்துபோனதைப் பார்த்து அவன் கவலைப்பட்டபோது, "நீளத்துக்கு வளருதப்பா, அதுதான்" என்று சமாளித்தாள். அவனும் நம்பிவிட்டான்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த மாரிக் குளிர் முடிவதற்குள் இதற்கு ஒரு முடிவு கட்டாவிட்டால் தனக்கு விசர் பிடித்துவிடும் என்று யோகராணிக்குத் தெரிந்துவிட்டது. யோசித்து யோசித்துத்தான் இங்கே வந்திருந்தாள்.

"எனக்கு உயிரோட வேணும் பிள்ளை. நல்ல பெரிசாய்."

"வேண்டாம் அன்ரி. பெரிய எலி உயிரோடயெண்டால் டேஞ்சர்."

"துடிப்பாய் இருந்தால்தானே பாம்புக்குப் பசி கிளம்பும்?"

செலீன் தோளைக் குலுக்கினாள். யோகராணி கூடு கூடாகப் பார்த்தாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒன்று சோம்பேறி. ஒன்று நோஞ்சான். இன்னொன்றின் முகத்தில் ஏனோ ஒரு கருணை தெரிந்தது. கடைசிக் கூட்டில் ஒரு கறுத்த தடியன், கம்பியைப் பல்லால் கடித்து உலுப்பிக்கொண்டிருந்தான். அவள் அவனையே கை காட்டினாள்.

"சரி. ஆனால் எலியை விட்டிட்டு எங்கயும் போயிடாதேங்கோ, பக்கத்தில நிண்டு பாக்கவேணும்," என்றாள் செலீன். "ஹீற் லைற்றையும் ஓஃப் பண்ணக்கூடாது. பாம்பு சூட்டைத் தேடி அலையும்."

யோகராணி எல்லாவற்றையும் மனதில் பதித்துக்கொண்டாள்.

எலிப் பெட்டியை ஜெயரட்ணத்தின் கம்பளிச் சுவெற்றரால் இறுகச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினாள்.

மறுநாள் காலை ஜெயரட்ணம் வழக்கம்போலச் சோபாவில் விழுந்து குறட்டை விட ஆரம்பித்தான். குளிரில் அவன் எழும்பிவிடாதபடி அவள் எலி மணக்கும் சுவெற்றரை அவன் மேல் போர்த்திவிட்டாள். பாம்புப் பெட்டியின் சூட்டு விளக்கை அணைத்தாள். மூடியைத் திறந்து எலியை உள்ளே இறக்கினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

பேக்கரியில் அவளுக்கு வேலை ஓடவில்லை.

"வீட்டில இருந்து போன் வந்தால் உடன என்னைக் கூப்பிடு," என்று கூட வேலை செய்யும் றோஸ்மேரியிடம் சொல்லி வைத்தாள்.

"ஏன், ஆருக்கும் சுகமில்லையோ?"

"இனித்தான் தெரியும்."

மத்தியானம் போன் வந்தது. எடுத்த றோஸ்மேரியின் முகம் வெளுத்துவிட்டது. "யோகராணி, ஓடி வா! ஒரே அழுகைச் சத்தம். உன்ர வீட்டில ஏதோ நடந்திட்டுது!"

யோகராணி ஒரு பெருமூச்சு விட்டாள். ஏப்ரனில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினாள்.

"யோகா... ராசன் எங்களை விட்டிட்டுப் போயிட்டாரடி!" மறுமுனையில் ஜெயரட்ணம் குழந்தைபோலத் தேம்பினான். "குளிரில விறைச்சு, திருப்பிக் கடிக்கக்கூடத் தென்பில்லாமல் கிடந்திருக்கிறார். முதுகு முழுக்கக் கடிச்சுக் குதறிப்போட்டுது. பெட்டிக்குள்ள அவருக்கு மேல ஏறியிருந்து மீசையைத் துடைக்குது, இந்தப் பேய் எலி! இப்பவே அடிச்சுக் கொல்லப்போறன்!"

"ஐயோ, அதைத் தொட்டுப்போடாதேங்கோ! நான் உடன வாறன்!" என்று பதறினாள் யோகராணி.

சைவ சமயத்தில் பிறந்தவள் பாம்பைத் தன் கையால் கொன்று நாகதோஷத்தைத் தேடிக்கொள்வாளா என்ன, அதற்காகத்தானே பிள்ளையாரின் வாகனத்தையே பார்த்துப் பார்த்துக் கூலிக்குப் பிடித்தாள்!