ஓரத்தில் எழுதியவர்

"ஆளு கிடைச்சிட்டான்டி. வயசு முப்பதுக்குள்ள. விடியக்காலையிலயே எழும்பிடுவான். சாப்பிடும்போதுகூட புத்தகத்தக் கீழ வைக்கமாட்டான். மனசு எளகுன ஆளு," என்றாள் சுபத்ரா.

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் மதிய இடைவேளை. யுவனேஸ்வரி அங்கே கிராணியாகக் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறாள். சுபத்ராவுக்குப் பக்கத்து மேசை. இருவருக்கும் நடுவில் தடிமனாக ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது. கொலை நடந்த இடத்தில் கிடைக்கும் சின்னச் சின்னத் தடயங்களை வைத்தே கொலைகாரனின் வயது, குணம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் போலீஸ் எப்படிக் கணிக்கிறது என்று, நடந்த வழக்குகளோடு சொல்லும் புத்தகம்.

ஆனால், இவர்கள் கணித்துக்கொண்டிருந்தது கொலைகாரனை இல்லை. மாப்பிள்ளையை.

கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் லோகேஸ்வரன் போன மாதம் பெண் பார்க்க வந்தான். தேநீர் குடித்தான், பிஸ்கட் தின்றான், போய்விட்டான். அவன் வாயைத் திறந்தது அந்த இரண்டுக்கு மட்டும்தான். இப்படி ஒரு ஆளுக்கு எப்படிச் சரி என்று சொல்வது? அப்பா ராமையாவிடம் கெஞ்சி ஒரு மாதம் தவணை வாங்கியிருந்தாள் யுவனேஸ்வரி.

அவளுக்கு ஒரே பயம்தான். கல்யாணம் ஆனதும் வேலையை விடச் சொல்லிவிட்டால்? நேரில் கேட்டால் எல்லா மாப்பிள்ளையும் "சேச்சே" என்றுதான் சொல்வான். கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை வீட்டு முட்டைக்கோஸ் லோரியை ஓட்டும் வேலப்பன் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னார்களாம். சுற்றியிருந்த தாளில் 'லோகேஸ்வரன், கோலா தெர்லா' என்று எழுதியிருந்தது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம், ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள்.

கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? புத்தகத்தில் படித்த வித்தையை, ஓரத்தில் எழுதியவன்மேலேயே காட்டத் தொடங்கினார்கள் இரண்டு பேரும். சில குறிப்புகளுக்குக் கீழே 'காலை 4.40' என்று நேரம் போட்டிருந்தது. சில பக்கங்களில் மஞ்சள் கறை. செத்துப்போன பெண்ணின் தாய் பேசும் இடத்தில், "பாவம், இவளிடம் யாருமே கேட்கவில்லையே" என்று ஒரு வரி. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பவளம் அக்காகூட ஒரு நாள் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனாள். கொலைகாரனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை கையெழுத்து அழகாக இருக்கிறது, கட்டிக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் யுவனேஸ்வரி படிக்க மட்டும்தான் செய்தாள். ஐந்தாம் அத்தியாயத்தில் கை சும்மா இருக்கவில்லை. 'கொலைகாரன் கோபக்காரன்' என்ற குறிப்புக்குக் கீழே, "தப்பு. கோபக்காரன் கதவைப் பூட்டிவிட்டா போவான்?" என்று எழுதி அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு பயமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் லோரியில் பதில் வந்தது. "அட, இதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் சாவி யாரிடம்?"

அப்புறம் என்ன, புத்தகம் போவதும் வருவதுமாக இருந்தது. லோரிச் சத்தம் கேட்டாலே யுவனேஸ்வரி எழுந்து ஓடினாள். அந்த ஆளை அவளுக்குப் பிடித்துவிட்டது.

இன்றைக்கு சுபத்ரா விரல் வைத்துக் காட்டியது கடைசி வழக்கு. மனைவியை வேலைக்குப் போகவிடாமல் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்த ஒருவனைப் பற்றியது. ஓரத்தில், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது: "கொலை செய்யும்வரை ஏன் காத்திருந்தார்கள்? இவனை அன்றைக்கே பிடித்து உள்ளே போட்டிருக்க வேண்டும்."

யுவனேஸ்வரி அதை இரண்டு முறை படித்தாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போதும்லா, சுபா. இன்னிக்கே அப்பாகிட்ட சொல்லிடுறேன், அவங்கள வரச் சொல்லட்டும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைத் தட்டோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று யுவனேஸ்வரி கேட்டாள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் வந்து நின்ற லோகேஸ்வரன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தச் சாவி அண்ணன்காரன்கிட்டதான் இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"எந்தச் சாவிங்க?" அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நான் புத்தகம்லாம் படிக்கிறதில்லைங்க. தோட்டம், லோரி, சாயங்காலம் ஒரு பந்து வெளையாட்டு, அவ்வளவுதான்லா."

யுவனேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மாதமாக அவள் பேசிச் சிரித்துச் சண்டை போட்ட மனிதன், அப்படி ஒருவனே இல்லையா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்ப அதையெல்லாம் எழுதுனது யாரு?"

"நான்தாம்மா." பின்வாசலில் லோகேஸ்வரனின் அம்மா மணியம்மா நின்றிருந்தார். "மேல சுத்துன தாள்ல மட்டும் இவன் பேரப் போட்டேன். ஒனக்கு முன்னாடி மூணு வீட்டுப் பொண்ணுங்களுக்கு அனுப்புனேன். மூணு பேரும் பத்திரமா திருப்பி அனுப்பிட்டாங்க. தப்புன்னு எழுதுனவ நீ ஒருத்திதான். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வேலைய மட்டும் விட்டுடாத, தாயி."

யுவனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்மதம் என்று தலையாட்டினாள். அது தன்னைப் பார்த்துத்தான் என்று லோகேஸ்வரன் நினைத்துக்கொண்டான்.