அரைச் செங்கல்

ரோஷீன் பையைத் திறந்து மறுபடியும் உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். விளையாட்டு ஷூவுக்கு அடியில் அரைச் செங்கல் பத்திரமாக இருந்தது. மேடையில் பேசிக்கொண்டிருந்த வெஸ்லியின் வழுக்கைத் தலை, எட்டி அடிக்கிற தூரத்தில் பளபளத்தது.

பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த சண்டை ஓய்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் புராட்டஸ்டண்ட் பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, ஒரு காலத்தில் எதிரெதிர்ப் பக்கம் நின்று ஆட்களைச் சுட்டுத் தள்ளிய இரண்டு இயக்கக்காரர்களைக் கூட்டிவந்து பேச வைத்திருந்தார்கள். சமாதானம் படிக்க வேண்டுமாம்.

"கத்தோலிக்கத் தெருவுக்குள்ள போவோம். ஆளு யாரு என்னன்னெல்லாம் பார்க்க மாட்டோம்," என்றார் வெஸ்லி. "கையில பெரிய சம்மட்டி இருக்கும். ராத்திரியில எவனும் கதவைத் திறக்க மாட்டான், உடைச்சுக்கிட்டுத்தான் நுழையணும். ஒருத்தன் மாடிப்படியில தவழ்ந்து ஓடினான். பின்னாலேயே ஏறிப்போய் முதுகுல சுட்டேன். மேல நின்னு அவன் பொண்டாட்டி கத்தினது இன்னும் என் காதுல இருக்கு."

அவருக்குப் பக்கத்து நாற்காலியில், குனிந்த தலையோடு மலாக்கி. ரோஷீனுக்கு அவர் மாமா முறை மாதிரி. அவளுடைய அப்பா டோனலின் உயிர் நண்பர். அப்பாவின் சவப்பெட்டியை முன்னால் நின்று தோள் கொடுத்துத் தூக்கியவர். குளிர்காலத்துக்கு நிலக்கரி, கிறிஸ்துமஸுக்கு வான்கோழி என்று ஆண் துணையில்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டவர்.

"டோனலைக் கொன்னது வெஸ்லி கும்பல்தான்" என்று அம்மாவிடம் சொன்னவரும் அவர்தான். அதே மலாக்கி, அதே வெஸ்லியோடு பள்ளி பள்ளியாக மேடையேறுகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மா அவருக்குக் கதவு திறப்பதில்லை.

இப்போது மலாக்கி எழுந்தார். "நான் புராட்டஸ்டண்ட் தெருச் சாராயக் கடையில குண்டு வச்சவன். புகை அடங்கினதும் எட்டிப் பார்த்தேன். வாசல்ல ஒரு பொம்பளை செருப்பு கெடந்துச்சு. அதுக்குள்ள பாதமும் இருந்துச்சு." உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் டீச்சர்.

ரோஷீன் பையோடு எழுந்தாள். "டோனல் மக்ஆர்டில். இந்தப் பேரு ஞாபகம் இருக்கா?"

வெஸ்லி நெற்றியைச் சுருக்கினார். "இல்லையேம்மா. யாரு?"

"எங்கப்பா. நான் அப்ப தொட்டில்ல கெடந்தேன். ராத்திரி யாரோ கதவைத் தட்டினாங்க. டீக் கோப்பையைக் கையில வச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே போய்த் திறந்தாரு. நெத்தியில ஒண்ணு, வாயில ஒண்ணு. என் தொட்டில் துணி வரைக்கும் ரத்தம் தெறிச்சுதாம். நீ கொன்னவரோட பேருகூட ஞாபகம் இல்லையா உனக்கு?"

பின்வரிசையில் ஒரு புராட்டஸ்டண்ட் பையன் குரல் கொடுத்தான். "உக்காரு தாயே! உங்காளுங்க சாராயக் கடையில வச்சது என்ன, பூச்செண்டா?" நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வெஸ்லி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சட்டென்று திரும்பி மலாக்கியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

அந்த மௌனம் ரோஷீனுக்குப் போதுமானதாக இருந்தது. ஒரே தாவலில் மேடையேறி, செங்கல்லை ஓங்கி அவர் முகத்தில் இறக்கினாள். மூக்கு நொறுங்குகிற சத்தம் மைக்கில் கேட்டது. நாற்காலியோடு மல்லாக்க விழுந்தவரின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மறுபடி அடித்தாள்.

"சொல்லுடா! வாயைத் திறந்து சொல்லுடா!"

கீழே கூடமே இரண்டாகப் பிளந்தது. ஒரு பள்ளியின் பச்சைச் சீருடைகளும் மறு பள்ளியின் சிவப்புச் சீருடைகளும் கட்டிப் புரண்டன. ஒரு நாற்காலி பறந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. டீச்சரின் குரல் எவருக்கும் கேட்கவில்லை.

மலாக்கி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"விடுங்க மாமா! பேரைச் சொன்னதே நீங்கதானே! இப்ப இவனுக்கே பரிஞ்சுக்கிட்டு வர்றீங்களா?"

"விடு மலாக்கி," என்றார் கீழே கிடந்த வெஸ்லி. பேச்சோடு ஒரு பல்லும் ரத்தமும் சேர்ந்து வெளியே வந்தன. "நான் கொன்னவங்களுக்கும் புள்ளைங்க இருக்கு. அவங்களுக்குப் பதிலா இவளாவது அடிச்சுட்டுப் போகட்டும். கையைக்கூடத் தூக்க மாட்டேன்."

ரோஷீன் திமிறி, கையை விடுவித்து, செங்கல்லை மூன்றாம் முறை ஓங்கினாள்.

மலாக்கி வெஸ்லியின் மேல் கவிழ்ந்து விழுந்தார். அடி அவர் தலையில் இறங்கியது. நரைமுடி சிவந்து, ரத்தம் காதோரமாக வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. மண்டியிட்டு நிமிர்ந்து, அவள் கையைச் செங்கல்லோடு பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"இங்க அடிம்மா, இங்க. டோனல் போலீசுக்குத் துப்புக் கொடுக்கிறான்னு எங்க இயக்கத்துல சொன்னாங்க. நானும் நம்பித் தொலைச்சேன்."

ரோஷீன் கையைப் பின்னால் இழுத்தாள், அவர் விடவில்லை.

"உங்கப்பாவைச் சுட்டது நான்தாம்மா."