மூன்றாம் கணினி

"எண்பது வீதத்தில திரும்பவும் நிண்டிட்டுது, முனாப்."

கமலாதேவி ரீச்சருக்கு இது மூன்றாவது தடவை. கனடாவில் நடந்த மகளின் கலியாண வீடியோவைத் தரவிறக்கப் பார்க்கிறார். விசா கிடைக்காததால் ரீச்சர் போகவில்லை. மகள் அனுப்பிய இணைப்பு இன்று மாலையோடு வேலை செய்யாது.

இணையக் கடை நடத்தும் முனாப் தலையைச் சொறிந்தான்.

"கடைக்கே ஒரு லைன்தான், ரீச்சர். எல்லாக் கணினிக்கும் புரொக்சி எண்ட மென்பொருள்தான் அதைப் பங்கு வைக்குது. மற்ற ஆள் இழுக்கேக்க உங்கட வீடியோவுக்கு ஒண்டும் வராது. கொஞ்ச நேரம் ஒண்டும் வராட்டி, முடிஞ்சுதெண்டு புரொக்சி வெட்டிரும். அந்தக் காத்திருக்கிற நேரத்தைக் கூட்டியும் பாத்திட்டன், சரிவரேல்லை."

"அப்ப?"

"ஒரு மணித்தியாலம் வேற ஆரும் லைனைத் தொடாட்டி முழுசா வரும்."

கடையில் வேறு ஒருவர்தான் இருந்தார். மூன்றாம் கணினியில், கிண்ணியாவிலிருந்து படகில் வந்த நெல் வியாபாரி ஆதம்பாவா.

முனாப் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் ரீச்சர் தடுத்தார்.

"அவரிட்டக் கேக்க வேண்டாம். நான் ஒருத்தருக்கும் கடமைப்பட மாட்டன்."

ஆதம்பாவாவுக்குக் கேட்டுவிட்டது.

"கேட்டாலும் எழும்ப மாட்டன். கத்தார்ல இருக்கிற மகனுக்குக் கடிதம் அனுப்பத்தான் இவ்வளவு தூரம் வந்தனான். நாலு மணிக்குக் கடைசிப் படகு."

ரீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு நாலாவது தடவை ஆரம்பித்தார்.

ஆதம்பாவாவின் பேனை கீழே விழுந்தது. முனகியபடி மேசைக்கடியில் குனிந்து எடுத்தார். பிறகு, கடை அதிரத் தட்டத் தொடங்கினார்.

இருபது வீதம். நாற்பது.

"ஆதம்பாவா நானா, அது கடிதமா, காணி உறுதிப் பத்திரமா? கீபோட் உடையப்போகுது" என்றான் முனாப்.

"உன்ட லைன் நத்தை மாதிரிப் போகுது. என்னில பிழையா?"

அறுபது. எண்பதில் ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்திட்டுது, ரீச்சர்!"

தாலி கட்டும் இடத்தை மட்டும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

ஆதம்பாவா மணிக்கூட்டைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எவரிடமும் சொல்லாமல் துறைப் பக்கம் நடந்தார்.

முனாப் வீடியோவைப் பதிந்து கொடுத்த சீடியைக் கைப்பையில் வைத்த ரீச்சர் வாசலில் நின்றார்.

"ஒரு அஞ்சு நிமிசம் விட்டுத் தந்தாரா பாத்தீங்களா? அவையள் அப்படித்தான். கடவுள் புண்ணியத்தில வந்தது."

ரீச்சர் போனதும் முனாப் யோசித்தான். இரண்டு பேர் இழுத்த லைனில் வீடியோ எப்படி முழுதாக வந்தது? புரொக்சியின் பதிவைத் திறந்தான். கடைசி ஒரு மணித்தியாலத்தில் மூன்றாம் கணினியிலிருந்து ஒரு வரிகூட இல்லை.

கணினி பழுதோ என்று எழுந்து போனான். திரையில் மகனுக்கான கடிதம் அனுப்பப்படாமல் கிடந்தது.

மேசைக்கடியில் குனிந்தான்.

கணினியின் இணைய இணைப்புக் கம்பி பிடுங்கப்பட்டு, காலில் தட்டுப்படாதபடி ஒழுங்காகச் சுற்றி, சுவரோரமாக வைக்கப்பட்டிருந்தது.