மோப்பத் துணி

"சுத்தம், மாமா. துளி நாத்தம் இல்ல." வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டே தெருவிலிருந்து உள்ளே வந்தான் மச்சினன்.

கார் கழுவும் கடை முதலாளி நிம்மதியாகக் கதவைத் திறந்துவிட்டார். வாடகைக் கார் கம்பெனி மேனேஜர் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"யோவ், புளிச்ச பால் பானைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு. இதோட மூணாவது தடவை. விளையாடறியா?"

பின்சீட்டில் ஏதோ ஒரு குழந்தை பால்புட்டியைக் கவிழ்த்ததுதான் விவகாரம். பால் போன வாரம் கவிழ்ந்தது. மானம் இந்த வாரம் கவிழ்ந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம். அப்பவும் நாறுச்சுன்னா, எங்க இருபது காரும் பின்தெருக் கடைக்குப் போயிடும்." மேனேஜர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

கடைக்கு அந்த இருபது கார்தான் மூச்சு. அதை விட்டால், கடை ஷட்டரைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதலாளி தானே முகர்ந்து பார்க்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவருடைய மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாற்றம் போக்கும் கடைக்காரருக்கு நாற்றமே தெரியாது என்று வெளியே தெரிந்தால், கடையின் பேர் நாறிவிடும்.

விஷயம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். "என் தம்பியக் கூட வெச்சுக்குங்க. அவன் மூக்கு எவ்ளோ கூர்மைன்னு பாத்திருக்கீங்கல்ல?" என்று அவள்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

மச்சினன் வேலை செய்கிற முறையும் பெரிய நிபுணர் மாதிரிதான் இருந்தது. காருக்குள் முகர்ந்து பார்க்கவே மாட்டான். ஈரமான வெள்ளைத் துணியால் சீட்டை அழுத்தித் துடைத்து, துணியோடு வெளியே போய்விடுவான்.

"இங்க சோப்பு, வினிகர்னு நூறு வாசனை, மாமா. வெளிக்காத்துலதான் உண்மை தெரியும்." ஐந்தே நிமிடத்தில் தீர்ப்போடு திரும்புவான்.

மறுநாள் காலை சீட்டையே கழற்றினார்கள். சோடாமாவு தூவி உறிஞ்சி, வினிகர்த் தண்ணீரில் துடைத்து, நீராவி அடித்து வெயிலில் காயவைத்தார்கள். முதலாளி முட்டி தேயத் தேய்த்தார். மச்சினன் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

இந்த முறை முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. சத்தமில்லாமல் பின்னாலேயே போனார்.

மச்சினன் முனை திரும்பி, நேராகப் பின்தெருக் கடைக்குள் நுழைந்தான். போட்டிக் கடைக்காரன் உரிமையோடு துணியை வாங்கினான். அந்தப் பக்கம் திரும்பி நின்று அதை வைத்து என்னவோ செய்தான். பிறகு சிரித்துக்கொண்டே மச்சினன் முதுகில் தட்டி அனுப்பிவைத்தான்.

முதலாளிக்குக் காது அடைத்தது. மூக்கு ஏற்கெனவே அடைத்ததுதான்.

முனையிலேயே மடக்கினார். "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா, பாவி! நம்ம துணிக்கு அவன் கடையில என்னடா வேலை?"

"கத்தாதீங்க, மாமா. சுத்தம்னு சொல்லிட்டாரு."

"யாரு சொன்னா?"

"அவருதான். மூணு தடவையும் அவர் மோந்து பாத்துச் சொன்னதத்தான் நான் வந்து சொன்னேன். நல்ல மனுஷன், மாமா. ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "நம்ம கார் நாறினா அவனுக்குத்தான்டா அந்த இருபது காரும் போகும்! அவன் எப்படிடா நாறுதுன்னு சொல்லுவான்? அடேய், அவ்ளோ பெரிய மூக்க வெச்சுக்கிட்டு, அவன்கிட்ட எதுக்குடா போனே?"

மச்சினன் துணியை நான்காக மடித்தான். அப்புறம் எட்டாக மடித்தான்.

"எனக்குப் பொறந்ததுலேருந்தே வாசனை தெரியாது, மாமா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்காதான் சொல்லுச்சு."